வறுத்தா சரியாப்போயிடும், மாப்ள!

மரச்செக்கு போடப்போறேன்னு உங்கம்மா வந்து சொன்னா. சந்தோஷம் மாப்ள. சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டிருந்தவன் திண்டிவனம் பக்கம் வந்து மல்லாட்டை, அதான் நிலக்கடலை, ஆட்டப்போறான்னா தாய்மாமனுக்கு எப்பிடி இருக்கும்? வாகைமரச் செக்கு, மோட்டாரு, கண்ணாடி பாட்டில், பாட்டில்ல ஒட்டறதுக்கு முறுக்கு மீசை வச்ச தாத்தா படம், எல்லாம் தயாராமே. படத்துல இருக்கிற தாத்தா என்னைவிட லட்சணமா இருக்காரு. இருக்கட்டும். மல்லாட்டை ஒண்ணுதான் இன்னும் வாங்கலன்னு கேள்வி.

அதுக்கும் ஒரு யோசனை வச்சிருக்கியாம். ஐப்பசி மழையில நனைஞ்சு, அங்கங்க பச்சையும் மஞ்சளுமா பூசணம் ஏறின சரக்கு பாதி விலைக்கு வருது. அதை வாங்கி, வெயில்ல ஒரு காய்ச்சல் காயவச்சு, ஒரு வறுப்பு வறுத்து ஆட்டிட்டா பூசணம் செத்துடும், எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னு. அருமை. ஊர்ல பாதிப்பேர் இப்பிடித்தான் நினைக்கிறாங்க, அதனால நீ வெக்கப்படவே வேணாம். பூசணம் செத்துடும்ங்கறதுலயும் சந்தேகம் இல்ல. வறுத்தா சாகும், அவிச்சா சாகும், நல்ல வெயில்ல சுருண்டுபோகும். ஆனா செத்தவன் எழுதிவச்ச உயில் செல்லும்ல? அது மாதிரிதான். பூசணம் போனாலும், போறதுக்கு முன்னாடி பருப்புக்குள்ள கக்கிவச்ச நஞ்சு அப்பிடியே நிக்கும்.

அந்த நஞ்சுக்குப் பேரு அஃப்ளாடாக்சின். கெழவனுக்கு இங்கிலீஷு எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்காதே. என் பேத்தி கோயமுத்தூர்ல வேளாண்மை படிக்கிறா. லீவுக்கு வந்தா அவ புஸ்தகத்தை நான் படிக்கிறேன், அவ போனைப் படிக்கிறா. சுத்தமா பிரிச்செடுத்த அஃப்ளாடாக்சின் உருகறதுக்கே 268 டிகிரி சூடு வேணும்னு அதுல போட்டிருக்கான். தண்ணி 100 டிகிரியில கொதிக்குது. உங்கம்மா குக்கர் எத்தனை விசில் அடிச்சாலும் 120 டிகிரிக்குப் பக்கத்துலயே நிக்கும். வறுசட்டியில மல்லாட்டையை 160, 170ன்னு ஏத்திக்கிட்டே போனா தோல் கருகி, பருப்பு கசந்து, அதை உன் தாத்தா படத்தை ஒட்டிக்கூட விக்க முடியாது.

வறுத்தா ஒண்ணுமே குறையாதான்னா, குறையும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், பருப்புல எவ்வளவு ஈரம்ங்கறதைப் பொறுத்து கால்பங்கும் போகும், பாதியும் போகும், சில சமயம் அதுக்கு மேலயும் போகும். சும்மா கொதிக்கவைக்கிறதைவிடக் குக்கர்ல வேகவச்சா கூடுதலாக் குறையுது. பாதி போகும்னதும் உன் மூஞ்சி மலருது பாரு! எதுல பாதின்னு கேக்கமாட்டேங்கறியே. நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மேக்கொண்டு பக்குவம் பண்ணப்போற பருப்புக்கு வச்சிருக்கிற வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் மல்லாட்டையில எல்லாமாச் சேத்து 15 மில்லிகிராம். பூசணம் பூத்த மூட்டையில அது நூறு மடங்கும் இருக்கும். நூறுல பாதி போனா மிச்சம் அம்பது மாப்ள. கணக்குப் பாடத்துல நீ நல்லா மார்க் வாங்கினவன், உனக்கு நான் சொல்லணுமா.

இந்த நஞ்சைக் கண்டுபிடிச்சதே நம்ம மாதிரி சிக்கனக்காரங்களாலதான். 1960ல இங்கிலாந்துல வான்கோழிக் குஞ்சுங்க லட்சத்துக்கு மேல செத்து விழுந்துச்சு. என்ன வியாதின்னு தெரியல. தெரியாததுனால எக்ஸ் வியாதின்னு பேர் வச்சானுங்க, படிச்சவனுங்க. கடைசியில பாத்தா பிரேசில்லேருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கு. அதுல ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்னு ஒரு பூசணம், அது விட்டுட்டுப் போன நஞ்சு. புண்ணாக்குன்னா மில்லுல சூட்டுல நசுங்கி, எண்ணெய் பிழிஞ்சு வெளிய வந்தது. அத்தனை பாடு பட்டும் நஞ்சு கப்பல் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கு.

வான்கோழிதானேன்னு சிரிக்காதே. 1974 கடைசியில ராஜஸ்தான் பான்ஸ்வாராவுலயும் குஜராத் பஞ்சமகாலுலயும் பழங்குடி ஊருங்கள்ல ஜனங்களுக்குக் கண்ணு மஞ்சளாச்சு, வயித்துல நீர் கட்டிச்சு, நூத்துக்கும் மேல செத்தாங்க. மழையில நனைஞ்ச மக்காச்சோளம். அந்த வீட்டு நாய்ங்களுக்கும் அதே வியாதி. ஹைதராபாத் தேசிய சத்துணவு நிறுவனத்துக்காரங்க போய்ப் பாத்து, அஃப்ளாடாக்சின்தான்னு சொன்னாங்க. அந்த ஜனங்க மக்காச்சோளத்தைப் பச்சையா மெல்லல, அடுப்பில சமைச்சுத்தான் தின்னாங்க. வேற தானியம் இல்லாததால தின்னாங்க. நீ பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்கற. உனக்கும் அவங்களுக்கும் அதான் வித்தியாசம், வேற ஒண்ணும் தப்பா சொல்லல.

அது ஒரேயடியா ஆளைச் சாய்க்கிற அளவு. நம்ம ஊர்ல நடக்கிறது அவ்வளவு வேகமா நடக்காது. கொஞ்சங்கொஞ்சமா உள்ள போய் ஈரலைப் பிடிக்கும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதைப் புகையிலையோட அதே முதல் வரிசையில, மனுஷனுக்குப் புத்து உண்டாக்கும்னு உறுதியான சாமானுங்க பட்டியல்ல வச்சிருக்கு. பி வகை மஞ்சக்காமாலைக் கிருமி உடம்புல தங்கினவங்களுக்கு இதுவும் சேர்ந்தா ஈரல் புத்து ஆபத்து பலமடங்கு. வருஷக்கணக்குல ஆகற சமாச்சாரம் பாரு, அதனால உன் கடை வாசல்ல வந்து சண்டை போட ஆளே வராது. வியாபாரத்துக்கு இதைவிடத் தோதான நஞ்சு உண்டா?

சரி, இதை உடைக்க வழியே இல்லையான்னு கேக்கறே. இருக்கு. நீ போர்டு எழுதித் திட்டற ரீஃபைண்டு எண்ணெய்க் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு.

முறைக்காதே, கேளு. இந்த நஞ்சோட உடம்புல ஒரு வளையம் இருக்கு, அதுதான் அதோட வீரியத்துக்குக் காரணத்துல ஒண்ணு. காரம் பட்டா அந்த வளையம் திறந்துக்கும். கம்பெனியில எண்ணெய்ப் புளிப்பை முறிக்கக் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவறான், அதுலயே பெரும்பங்கு போயிடுது. அப்புறம் நிறம் எடுக்கறதுக்கு ஒரு மண்ணைப் போட்டு வடிகட்டறான், மிச்சமும் அந்த மண்ணுல ஒட்டிக்கிது. மணமும் போயிடுது, ருசியும் போயிடுது, அது வேற வழக்கு. அந்த வழக்குல நான் உன் கட்சி. ஆனா பூசண நஞ்சுங்கற ஒரு விஷயத்துல மட்டும், சொத்தை மல்லாட்டையில ஆட்டின உன் எண்ணெயைவிட அவன் எண்ணெய் சுத்தம். போர்டுல இதைச் சின்ன எழுத்துல போட்டுக்க.

அப்ப நாமளும் சுண்ணாம்பு போட்டுக்கலாமேன்னு உனக்குத் தோணும், தோணலன்னா நீ என் தங்கச்சி பிள்ளை இல்ல. மெக்சிகோவுல காலங்காலமா மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, கழுவி, அரைச்சு ரொட்டி தட்டறாங்க. அதுல அஃப்ளாடாக்சின் நல்லாவே குறையறதாப் பாத்திருக்காங்க. அந்தத் தண்ணியோடயும் தோலோடயும் கொஞ்சம் நிஜமாவே வெளிய போகுது. ஆனா உள்ள தங்கினதுல ஒரு பங்கு என்ன பண்ணுது தெரியுமா? காரத்துல திறந்த வளையம் புளிப்பு பட்டதும் திரும்ப மூடிக்குது. நம்ம வயித்துல புளிப்புக்கு என்ன பஞ்சம்! பரிசோதனைக் கருவியில காணோம்னு வந்த நஞ்சு சாப்பிட்டப்புறம் வயித்துல எழுந்து உக்காருது. சர்ட்டிபிகேட்டு மட்டும் உன் கையில இருக்கும்.

அமோனியாவும் அந்த மாதிரிதான் ஆரம்பிக்கும், ஆனா சூட்டுலயும் அழுத்தத்துலயும் வேணுங்கற நேரம் வச்சா வளையத்தைத் திரும்பச் சேராதபடி முறிச்சுப் போட்டுடும். செனகல்லயும் பிரான்சுலயும் மல்லாட்டைப் புண்ணாக்குக்குச் செஞ்சாங்க, அமெரிக்காவுல அரிசோனாப் பக்கம் பருத்திக்கொட்டைக்குச் செஞ்சாங்க. எல்லாம் மாட்டுத் தீவனத்துக்கு, மனுஷன் தின்றதுக்கு இல்ல. மூடின பெரிய கலத்துல நடக்கிற காரியம். கொல்லைப்புறத்துல யூரியா மூட்டையை வச்சுக்கிட்டு ஏதாவது பண்ணிடாதே, உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

வெயிலு? ஆமா, அது ஒண்ணு உனக்கு நிஜமாவே சாதகம். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துல 1970கள்லயே மல்லாட்டை எண்ணெயை வெயில்ல வச்சுப் பாத்து, அதுல இருக்கிற அஃப்ளாடாக்சின் வெகுவாக் குறையறதைக் கண்டாங்க. எண்ணெய்க்குள்ள வெளிச்சம் ஊடுருவுது, நஞ்சை உடைக்குது. அந்தக் காலத்துச் செக்குக்காரங்க எண்ணெயை வெயில்ல தெளியவச்சது மண்டி அடங்கறதுக்கு. நஞ்சைப் பத்தி நினைச்சு இல்ல, ஆனா பலன் கிடைச்சிருக்கலாம். நீ என்ன பண்ணப்போற? எவர்சில்வர் டிரம்முல ஊத்தி, மூடி போட்டு, மொட்டை மாடியில வச்சுட்டு, “சூரிய ஒளியில் தெளிந்தது”ன்னு அச்சடிக்கப்போற. சூரியனுக்கும் உன் எண்ணெய்க்கும் நடுவுல ஒரு இரும்புத் தகடு நிக்குது மாப்ள. சூடு போகும், வெளிச்சம் போகாது. அகலமான பாத்திரத்துல, மெல்லிசா, கண்ணாடி மூடி போட்டு வச்சாத்தான் அந்த வேலை ஆகும். ரொம்ப நேரம் வச்சா எண்ணெய் காறிப்போகும், அதுவும் உண்டு. புண்ணாக்குக் கட்டியை வெயில்ல போட்டா மேல்தோல்ல மட்டும் ஏதோ நடக்கும், உள்ள வெளிச்சம் எட்டாது.

இன்னொரு சந்தோஷச் செய்தி. ஓமம்! கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயே ஓமத்துலேருந்து எடுத்த சாறு அஃப்ளாடாக்சினை உடைக்குதுன்னு கண்டாங்க, 2010 வாக்குல. அப்புறம் ஆடாதொடை இலைச் சாறும் அப்பிடியேன்னு சொன்னாங்க. இதைப் பேத்தி சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும், சீக்கிரமே யாராவது ஓமம் போட்ட மல்லாட்டை எண்ணெய்னு இரட்டை விலைக்கு விப்பான்னு. அவன் நீயா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஆசை. அங்க நடந்தது, ஓமத்தை அரைச்சு, வடிகட்டி, சுத்திகரிச்ச சாறை நஞ்சோட கலந்து, உடம்புச்சூட்டுல மணிக்கணக்கா வச்சுப் பாத்தது. முறுக்குல ஒரு சிட்டிகை ஓமம் போட்டு எண்ணெய்ச் சட்டியில தள்றதுக்கும் அதுக்கும் திண்டிவனத்துக்கும் தில்லிக்கும் உள்ள தூரம். நல்ல ஆராய்ச்சி, நாளைக்கு ஏதாவது ஆகும். இன்னிக்கு ஓமம் வயித்துப் பொருமலுக்கு.

குடிக்கிற சமாச்சாரத்துல நடக்கிற கூத்தைக் கேட்டா இன்னும் சிரிப்ப. அழுகின ஆப்பிள்ல பாட்டுலின்னு வேற ஒரு நஞ்சு. சாறு பிழிஞ்சு சூடு காட்டினாலும் அது அசையாது, புளிப்புல அதுக்குக் கொண்டாட்டம். ஆனா அதே சாறுல ஈஸ்ட்டு போட்டுப் புளிக்கவச்சு ஆப்பிள் மதுவாக்கினா ஏறக்குறைய காணாமப் போயிடுது, ஈஸ்ட்டே அதை மாத்திப்போடுது. குழந்தைக்குக் குடுக்கிற சாறுல நஞ்சு நிக்குது, குடிகாரன் கோப்பையில இல்ல. இதை நம்ம ஊர் மேலத்தெருப் பசங்ககிட்ட சொல்லிடாதே, ஆதாரத்தோட குடிக்க ஆரம்பிச்சுடுவானுங்க. அவனுங்க குடிக்கிற பீர்ல கதை வேற. பார்லிக்கதிர்ல ஏறற பூசணத்தோட நஞ்சு தண்ணியில கரையும், ஊறவைக்கிற தண்ணியோட நெறைய வெளிய போகும், மிச்சம் பீர் பாட்டில் வரைக்கும் கூடவே பயணம் வரும். காப்பிக்கொட்டைக்கு ஓக்ராடாக்சின். வறுக்கிறப்ப ஒரு பங்கு போகுது, தோலும் தூசியும் நீக்கினா இன்னொரு பங்கு போகுது. ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒவ்வொரு குணம், ஒருத்தனை மசியவைக்கிற வழி இன்னொருத்தன்கிட்ட செல்லாது. சூடு காட்டினா எல்லாம் சரியாயிடும்னு ஒரே மந்திரத்தை வச்சுக்கிட்டு வாழறது நாம மட்டும்தான்.

இப்ப செக்குக்கு வா. ஆட்டறப்ப இந்த நஞ்சு எண்ணெய்ப் பக்கம் அதிகம் போகாது. எண்ணெயில கரையறதுல அதுக்கு அவ்வளவு இஷ்டமில்ல, பெரும்பங்கு புண்ணாக்குலயே தங்கிடும். எண்ணெய்ல வர்றதும் முக்கால்வாசி அந்தக் கலங்கல்ல மிதக்கிற பொடிப்பொடிப் புண்ணாக்கோட ஒட்டிக்கிட்டு வரும். “வடிகட்டாதது, மண்டியோட இருக்கறதுதான் சுத்தம்”னு பாட்டிலைக் குலுக்கிக் காட்டறாங்க பாரு, அவங்களைப் பாத்தா எனக்கு ரொம்பப் பாசம் வரும். நல்லாத் தெளியவச்சு, துணியில வடிகட்டி விக்கிறவனுக்குத் தாத்தா படம்கூடத் தேவையில்ல.

ஆக எண்ணெய் தப்பிச்சுதுன்னு நிம்மதியா மூச்சு விட்டுட்டியா? புண்ணாக்கு என்ன ஆச்சு? பால்காரர் வந்து மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனாரு. அவரு மாட்டுக்கு ஊறவச்சுப் போட்டாரு. மாட்டோட ஈரல் அந்த நஞ்சுல ஒரு பங்கை வேற உருவமா மாத்தி மடிக்கு அனுப்புது, அதுக்குப் பேரு எம்-1. தின்ன நஞ்சுல நூத்துக்கு ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் பால்ல இறங்கும், நெறையப் பால் கறக்கிற மாடுன்னா அதுக்கு மேலயும். காலையில தின்னா மறுநாள் கறவையிலயே வந்துடும். அந்தப் பால் சொசைட்டிக்குப் போய், பாக்கெட்டுல ஏறி, சாயங்காலம் உன் பொண்ணு டம்ளருக்கு வருது. உன் பொண்டாட்டி மூணு தரம் பொங்கப் பொங்கக் காய்ச்சிக் குடுக்கறா, பாவம். காய்ச்சினா கிருமி சாகும், எம்-1 சாகாது. கம்பெனியில சூடுபடுத்திக் குளிரவைக்கிறதுலயும் அதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. பன்னீர் போட்டா பால் புரதத்தோட ஒட்டிக்கிட்டு இன்னும் அடர்த்தியாத் திரளும். நெய்க்கு மட்டும் அவ்வளவாப் போறதில்ல, அதனால நெய் ஊத்திக்க ஆசைப்படற கெழவனுங்களுக்கு ஒரு சாக்கு கிடைச்சுது.

இதுல நம்ம மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு, கைதட்டு. 2018ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு பூரா 6,432 பால் மாதிரி எடுத்துப் பாத்துச்சு. ஆளாளுக்குப் பால்ல தண்ணி, யூரியான்னு பயந்துக்கிட்டிருந்தாங்க, கலப்படம் ரொம்பக் கம்மியாத்தான் கிடைச்சுது. எம்-1தான் 368 மாதிரியில வரம்புக்கு மேல நின்னுச்சு. முதலிடம் தமிழ்நாடு. நம்மகிட்ட எடுத்த 551ல 88. ரெண்டாவது தில்லி, மூணாவது கேரளா. இதுவும் எந்த வரம்பு? கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். ஐரோப்பாவுல அதுல பத்துல ஒரு பங்கு. அந்த வரம்பை வச்சு அளந்திருந்தா எத்தனை வந்திருக்கும்னு நினைச்சு நான் பேத்தியைக் கேக்கறதில்ல, ராத்திரி தூக்கம் முக்கியம். தீவனத்துலேருந்து வர்றதுன்னு ஆணையமே சொல்லிடுச்சு. தீவனம்னா வேற யாரு, நீயும் நானும்தான்.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க இந்த விஷயத்துல நம்மளைவிடப் புத்திசாலிங்க. மக்காச்சோளம் லாரி வந்து நின்னதும் மாதிரி எடுத்து அஃப்ளாடாக்சின் பாக்கறாங்க, கால்நடைப் பல்கலைக்கழகம் அங்க தீவனம் பாக்கறதுக்குன்னே ஆய்வுக்கூடம் வச்சிருக்கு. தீவனத்துல டாக்சின் பைண்டர்னு ஒரு பொடி வேற கலக்கறாங்க. களிமண் ஜாதி, ஈஸ்ட்டுத் தோலு, இந்த மாதிரி. நஞ்சு குடல்ல உறிஞ்சப்படறதுக்குள்ள அதைப் பிடிச்சு எச்சத்தோட வெளிய தள்ளிடும். முட்டை போடற கோழிக்கு நஷ்டம் வந்தா அன்னிக்கே தெரியும், அதனால அவ்வளவு கவனிப்பு. மனுஷனுக்கு நஷ்டம் இருபது வருஷம் கழிச்சுத்தானே வருது.

பரிசோதனைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. நீயும் ஒரு பிடி எடுத்துக் குடுத்து சர்ட்டிபிகேட்டு வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிடாதே. மூட்டையில எல்லாப் பருப்புலயும் நஞ்சு சமமா இருக்காது. பெரும்பாலும் சுத்தமா இருக்கும், எங்கேயோ ஒரு பருப்புல குடம் குடமாக் குவிஞ்சு கிடக்கும். உன் கைப்பிடியில அது சிக்கலன்னா மூட்டையே பத்தினி. அதனாலதான் வெவரமானவங்க பல இடத்துலேருந்து கிலோக்கணக்குல எடுத்து, மொத்தமா அரைச்சு, அதுலேருந்து பாக்கறாங்க.

ஆனா இந்தக் குணமே நமக்கு உபகாரமும் பண்ணுது. கொஞ்சப் பருப்புலதான் குவியுதுன்னா, அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கி எறிஞ்சுடலாம்ல? சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி ஓட்டை விழுந்தது, பொளந்தது, தோல் கறுத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க தோலை உரிச்சு மிஷின்ல நிறம் பாத்துப் பிரிக்கிறாங்க. நம்ம ஊர்ல பொம்பளைங்க முறத்தை வச்சுக்கிட்டு உக்காந்தா மிஷின் கிட்ட நிக்க முடியாது. நஞ்சுல பெரும்பங்கு அங்கயே போயிடும். பாக்க நல்லா இருக்கிற பருப்புக்குள்ளயும் சிலதுல ஒளிஞ்சிருக்கும்தான். ஆனாலும் அடுப்பு, சுண்ணாம்பு, ஓமம் எல்லாத்தையும்விட நம்ம கைக்கு எட்டறதுல இது பெருசு. என் பாட்டி கம்புல தேன் ஒழுகல் நோய் வந்த வருஷம் உப்புத்தண்ணியில தானியத்தைக் கொட்டி, மிதக்கிற கறுப்பையெல்லாம் அள்ளி எறிவா. அந்தக் கறுப்புலதான் நஞ்சுன்னு அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லல. வேகவச்சா சரியாயிடும்னும் அவளுக்கு யாரும் சொல்லல, அது அவ அதிர்ஷ்டம்.

பொறுக்கறதுக்கு முன்னாடி, பூசணம் வராமலே வாங்கப் பாரு. கடைசி மாசம் தண்ணி இல்லாம வாடின காடா, அதுலேருந்தே பூசணம் உள்ள ஏறியிருக்கும், மண்ணுக்குள்ளயே. பிடுங்கினதும் செடியைத் தலைகீழாப் போட்டு, காய் மேல இருக்கிற மாதிரி காயவச்சாங்களான்னு கேளு. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு, பருப்பு சலசலன்னு பேசணும். பேசலன்னா உள்ள ஈரம். பருப்புல ஈரம் நூத்துக்கு ஏழு, எட்டுக்குள்ள நின்னா பூசணத்துக்கு வேலை இல்ல. காயாவே வாங்கி வை, ஆட்டறதுக்கு முன்னாடி உடை. சாக்கைச் சிமெண்டுத் தரையில போடாதே, கட்டை அடுக்கி மேல ஏத்து.

உடைக்கிற இடத்துல நின்னு பாரு. மிஷின்ல பருப்பு ரெண்டாப் பொளந்தா விலை போகாதுன்னு, காயைப் பரப்பி மேல தண்ணி தெளிப்பாங்க. தோல் நமுத்துப்போகும், பருப்பு முழுசா வரும், எடையும் கூடும். எவ்வளவு வசதி! காயவச்சவன் பத்து நாள் பட்ட பாட்டை ஒரு குடம் தண்ணி முடிச்சுடும். அந்த ஈரப் பருப்பைச் சாக்குல அடைச்சு லாரியில ஏத்தினா, வந்து இறங்கறதுக்குள்ள பூசணத்துக்குக் கல்யாணமே முடிஞ்சுடும். மார்க்கெட் கமிட்டியில பளபளன்னு குண்டா இருக்கிற பருப்பைப் பாத்தா ஆசைப்படாதே. கையில எடுத்து நெரி. குளிர்ந்து வளையுதுன்னா நடையைக் கட்டு. வறண்ட பருப்பு படக்குன்னு உடையும்.

பொறுக்கின சொத்தையை என்ன பண்ணலாம்னு கேப்ப. வியாபார மூளையோட சொல்றேன் கேளு. கீழ போட்டா நஷ்டம். தோலை உரிச்சு, உடைச்சு, வெல்லப்பாகுல போட்டா நிறம் தெரியாது. மிளகாய் போட்டு அரைச்சா கசப்பு தெரியாது. கேட்டு வர்றவங்க இருக்காங்க, ராத்திரியில வருவாங்க, பில்லு கேக்கமாட்டாங்க. இப்பிடி ஊரு பூராப் பொறுக்கி எடுத்த சொத்தையெல்லாம் எங்க போகுதுன்னு நீ என்னிக்காவது யோசிச்சிருக்கியா? நல்ல பருப்பு வாங்க வசதி இல்லாதவங்க வாயிக்குத்தான். அது பிடிக்கலன்னா ஒரே வழி, அடுப்புல போட்டு எரி, சாம்பலாகற வரைக்கும் எரி. அந்தச் சூட்டுல அஃப்ளாடாக்சினும் நிக்காது, உன் லாபமும் நிக்காது. பொகையில போய் மூஞ்சியைக் காட்டாதே.

பொறுக்கறதுக்குக் கீழத்தெருப் பொம்பளைங்களைக் கூப்பிடு. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி பேசாதே, வேகமாப் பொறுக்கறேன்னு சொத்தையை விட்டுடுவாங்க. நாள் கூலியாப் பேசு, நல்ல கூலியாப் பேசு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல உக்காரவை, மூக்குக்குத் துணி குடு, அந்தத் தூசியில இருக்கிறதும் இதே பூசணம்தான். எண்ணெய் விலை லிட்டருக்குக் கொஞ்சம் ஏறும். ஏன்னு கேக்கறவங்ககிட்ட இவ்வளவு கதையும் சொல்லு, பாதிக் கதையிலயே வாங்கிட்டுப் போயிடுவாங்க.

புண்ணாக்கு என்ன விலைக்குப் போடப்போற? எனக்கு வேணும்தான், ரெண்டு கறவை நிக்குது. ஆனா முதல் மூட்டை எனக்கு வேணாம். அதை உங்கம்மா வீட்டு மாட்டுக்கு வை. அந்தப் பாலைக் காய்ச்சி உன் பொண்ணுக்கே ஒரு வாரம் குடு. குடுக்கறப்ப உன் கை நடுங்கலன்னா, ரெண்டாவது மூட்டையைத் தூக்கிட்டு வா, ரொக்கமாவே தரேன்.